ஆன் ஆகாத போனுக்குள் இருக்கும் சாட்சியம்

வழக்குப் பொருளாக வந்த ஸ்மார்ட்போன் ஆன் ஆகவில்லை என்றால், அது எதனால் ஆன் ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதே தடயவியல் ஆய்வின் முதல் வேலை. காரணங்கள் பல. பேட்டரி அடியோடு இறங்கியிருக்கலாம். சார்ஜிங் பின்னில் துரு ஏறியிருக்கலாம். திரை மட்டும் செத்து, உள்ளே போன் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கலாம். மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் ஐசி ஷார்ட் ஆகியிருக்கலாம். கீழே விழுந்த வேகத்தில் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள சால்டர் உருண்டைகளில் விரிசல் விட்டிருக்கலாம். யாரும் கீழே போடாமலேயே இப்படி இணைப்பு விட்டுப்போவதும் உண்டு: எல்ஜி ஜி4 போன்கள் லோகோவைக் காட்டிக் காட்டி அணைந்துகொண்டிருந்ததற்குப் பாகங்களுக்கிடையிலான தளர்ந்த இணைப்பே காரணம் என்று 2016 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில போன்களில் வன்பொருள் அத்தனையும் சரியாக இருக்கும். மென்பொருள் கெட்டு லோகோவிலேயே நின்றுவிடும்.

இந்தப் பட்டியலில் உள்ள கோளாறு எதுவும் தகவலைத் தொடுவதில்லை. படம், குரல் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், பணப் பரிமாற்றச் செய்தி எல்லாம் ஃப்ளாஷ் நினைவகச் சிப்பில் எலக்ட்ரான்களாகச் சிறைப்பட்டிருக்கின்றன. மின்சாரம் போனாலும் அவை அங்கேயே இருக்கும். நினைவகச் சிப்பே தேய்ந்தோ உடைந்தோ எரிந்தோ போனால்தான் உண்மையான இழப்பு. செத்த போனிலிருந்து சாட்சியம் எடுக்கும் துறை முழுவதும் இந்த ஒரு இயல்பை நம்பியே நிற்கிறது.

சிதைவுக்கு நடுவே கிடந்த கருவியிலிருந்து பதிவை மீட்டு வழக்கை நகர்த்துவது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. இந்தியாவின் மிகப் பெரிய கொலை வழக்குகளில் ஒன்று அப்படித்தான் துலங்கியது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் இறந்தார். அவர் உடலோடு கிடந்த சினான் கேமரா வெடிப்பில் தப்பியிருந்தது. உள்ளே இருந்த படச்சுருளைக் கழுவியபோது 10 படங்கள் கிடைத்தன. மாலையோடு காத்திருந்த பெண்ணும் அவரைச் சுற்றி நின்றவர்களும், கடைசியாக வெடிப்பின் நெருப்பும் அவற்றில் பதிவாகியிருந்தன. அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், சம்பவ இடத்தில் சிதறிக் கிடந்த துணி, கம்பி, உடல் பாகங்களை வைத்து அது அந்தப் பெண் இடுப்பில் கட்டிய பெல்ட் வெடிகுண்டு என்று நிறுவினார். 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்த துறை அது. அந்த கேமராவுக்குப் பூட்டு கிடையாது. படச்சுருள் யார் கையில் கிடைத்தாலும், கழுவத் தெரிந்தவருக்கு அது எல்லாவற்றையும் காட்டியிருக்கும். ஏறத்தாழ 2014 வரை வந்த பெரும்பாலான செல்போன்களும் அப்படித்தான் இருந்தன.

அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. 2014 நவம்பரில் மூடியது. இன்று பக்கத்திலேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளியோ, ஜவுளிக் கடை ஊழியரோ, கோயில் வாசல் பூக்காரரோ வைத்திருப்பது பெரும்பாலும் மீடியாடெக் அல்லது யூனிசாக் சிப் பொருத்திய, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். இந்த வேறுபாடு ஆய்வகத்தில் பெரிதும் முக்கியம். சாட்சியம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது போனின் மாடல்.

கத்தி வைக்காமல் கிடைப்பவை

போர்டைத் தொடுவதற்கு முன்பே சில தகவல்கள் கிடைத்துவிடும். சிம் கார்டு தனியாக இயங்கும் சிறு கணினி. அதைக் கழற்றி ரீடரில் வைத்தால் சந்தா எண்ணும், சில நேரம் பழைய தொடர்புப் பட்டியலும் வரும். மெமரி கார்டைப் போனோடு பிணைத்துக் குறியாக்கம் செய்யாதவரை அது திறந்த புத்தகம். 15 இலக்க ஐஎம்இஐ எண் பல மாடல்களில் சிம் தட்டிலோ பின்மூடியிலோ அச்சாகியிருக்கும். போன் வாங்கிய பெட்டியிலும் இருக்கும். அந்த எண் கிடைத்தால், அந்தக் கருவியில் எந்த சிம் எப்போது ஓடியது என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்க முடியும். அழைப்பு விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டிருக்கிறது.

அடுத்தது பேட்டரி. ஆய்வகத்தில் போனின் சொந்த பேட்டரியை நம்புவதில்லை. உப்பியது, வளைந்தது, நீர் புகுந்தது எதுவும் தீப்பிடிக்கக்கூடும். அதைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து டிசி பவர் சப்ளை மூலம் அளந்து மின்சாரம் கொடுப்பார்கள். பவர் பட்டனை அழுத்தும் முன்பே மின்னோட்டம் ஏறினால் ஷார்ட். அழுத்திய பிறகும் அசையாமல் நின்றால் பவர் ஐசி அல்லது செயலியில் கோளாறு. சீராக ஏறி இறங்கினால் போன் ஆன் ஆகிக்கொண்டிருக்கிறது, திரைதான் இல்லை. ஷார்ட் எங்கே என்று பார்க்க வெப்பக் கேமரா உதவும். காஞ்சிபுரத்தின் ரங்கசாமி குளத்தெருவிலோ ராஜ வீதியிலோ உள்ள ஒரு நல்ல மெக்கானிக் இதே வேலைக்கு ரோசினைப் புகையவிட்டுப் போர்டில் வெள்ளையாகப் படியச் செய்வார். மின்சாரம் கொடுத்ததும் சூடாகும் பாகத்தில் மட்டும் வெள்ளை உருகிப்போகும். தடயவியல் ஆய்வாளருக்கும் சர்வீஸ் கடைக்காரருக்கும் கைத்திறனில் பெரிய தூரமில்லை. நோக்கத்தில்தான் தூரம். கடைக்காரருக்குப் போன் பிழைத்தால் போதும், உள்ளே இருப்பது போனாலும் பாதகமில்லை. ஆய்வாளருக்கோ உள்ளே இருப்பது கைக்கு வந்தால் போதும், அதன் பிறகு போன் என்ன ஆனாலும் சரி.

சிப்பைப் பெயர்த்தெடுத்த காலம்

எளிய வழிகள் பலிக்காதபோது மூன்று முறைகள் கையாளப்பட்டன. அவை இன்றும் கையாளப்படுகின்றன. முதலாவது ஜேடேக். தொழிற்சாலையில் போர்டைச் சோதிப்பதற்காக விட்டுவைத்திருக்கும் தொடுபுள்ளிகளில் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, செயலி வழியாகவே நினைவகத்தைப் படிப்பது. இந்தச் சோதனை முறை 1990இலேயே தரப்படுத்தப்பட்டது. போனுக்காக உருவானதே அல்ல. இரண்டாவது முறையில் செயலியை ஒதுக்கிவிட்டு நினைவகச் சிப்புக்குச் செல்லும் தடங்களிலேயே நேரடியாகக் கம்பி வைத்துப் படிப்பார்கள். மூன்றாவது, நினைவகச் சிப்பையே போர்டிலிருந்து பெயர்த்தெடுத்துத் தனி ரீடரில் வைப்பது. துறையில் இதற்குச் ‘சிப்-ஆஃப்’ என்று பெயர்.

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், இந்த முறைகளை நம்பலாமா என்று சோதித்து 2020 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. 10 பிரபல மாடல் ஆண்ட்ராய்டு போன்களை எடுத்துக்கொண்டு, மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையெல்லாம் அவற்றில் செய்தார்கள். தொடர்புகள் சேர்த்தார்கள், படம் எடுத்தார்கள், சமூக வலைதளங்களில் உலவினார்கள், இடப் பதிவு சேரட்டும் என்று போன்களோடு ஊரைச் சுற்றிக் கார் ஓட்டினார்கள். பிறகு ஜேடேக் முறையிலும் சிப்-ஆஃப் முறையிலும் தகவல் எடுக்கப்பட்டது. இரண்டும் தகவலை மாற்றாமல் எடுத்தன. எடுத்ததை மனிதர் படிக்கும் வடிவுக்குக் கொண்டுவருவதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் இருந்தது. சமூக வலைதளத் தகவலில் அது அதிகம் தெரிந்தது. அந்தச் சோதனை பூட்டை உடைப்பது பற்றியதல்ல, படிப்பது பற்றியது மட்டும். செய்தியாகப் பரவியபோது இந்த எல்லைக்கோடு பல இடங்களில் காணாமல் போனது.

சிப்பைப் பெயர்ப்பது சொல்வதுபோல் எளிதல்ல. ஈயமில்லாச் சால்டர் உருகச் சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஹாட் ஏர் கருவியால் அதற்கு மேல் சூடு கொடுத்தால் சிப் கழன்றுவரும். ஆனால் அந்தச் சூட்டில் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கசியத் தொடங்கும். அயா ஃபுகாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: தேய்ந்த சிப்பிலும், நெடுநாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த சிப்பிலும் சூடு பட்டதும் பிழைகள் பெருகி, சிப்பின் சொந்தத் திருத்த வசதியையே மீறிவிடுகின்றன. வாசிக்கும் மின்னழுத்தத்தைச் சற்று மாற்றித் திரும்பத் திரும்பப் படித்தால் அந்தப் பிழைகளில் பெரும்பகுதியைக் குறைக்கலாம் என்றும் அவர்கள் கண்டார்கள். சூடே வேண்டாம் என்பவர்கள் போர்டைப் பின்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல அரைத்துத் தேய்த்து, சிப்பின் கால்கள் தெரியும்போது நிறுத்துகிறார்கள்.

இதே காரணத்தால் காலதாமதமும் ஒரு கேடுதான். வழக்குச் சொத்தாகப் படிவம் 95இல் பதிவாகி நீதிமன்றச் சொத்தறைக்குள் போன போன், மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. எலக்ட்ரான் கசிவைச் சூடு விரைவுபடுத்தும். காஞ்சிபுரத்தின் மே மாதத்தில் தகர அலமாரிக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்பதை அந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே தறிக்கான அட்டை

சிப்-ஆஃப் முறையின் பொற்காலத்தை முடித்துவைத்தது குறியாக்கம். ஐபோனில் 2009இன் 3ஜிஎஸ் மாடலிலேயே வன்பொருள் குறியாக்கம் வந்துவிட்டது. 2013இல் வந்த 5எஸ் மாடலில் சாவிகளைக் காக்கவென்றே செயலிக்குள் தனி அறை ஒதுக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 6 பதிப்போடு 2015இல் திறன்மிக்க புதிய போன்களுக்குக் குறியாக்கம் கட்டாயமானது. 2019இன் ஆண்ட்ராய்டு 10 முதல் விலை மலிந்த புதுப் போனுக்கும் விலக்கில்லை.

ஜக்கார்டு தறியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். சேலையின் டிசைன் துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. தறி உடைந்தாலும் அட்டையைக் கழற்றி, அதே கொக்கிக் கணக்குள்ள இன்னொரு தறியில் மாட்டினால் அதே மாங்காயும் அதே மயிலும் விழும். பழைய போனில் சிப்பைப் பெயர்த்து வேறு ரீடரில் வைத்தது இந்த வேலைதான். புதிய போனின் அட்டையிலோ துளைகள் கலைத்துப் போடப்பட்டிருக்கின்றன. கலைத்த கணக்கு அந்த ஒரு தறியின் மரத்துக்குள் செதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு நெசவாளி மனதில் உள்ள ஓர் எண்ணும் சேர வேண்டும். அட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் எந்தத் தறியிலும் அது சேலையாகாது.

செயலிக்குள் தயாரிப்பின்போதே பதித்த சாவி ஒன்று இருக்கிறது. அதை வெளியே படிக்க வழியில்லை. அந்தச் சாவியும் பயனாளர் போடும் பின் எண் அல்லது பேட்டர்னும் சேர்ந்துதான் நினைவகத்தின் பூட்டு திறக்கும். ஆகவே சிப்பைப் பெயர்த்தவர் கையில் வருவது அர்த்தமில்லாத எண் குவியல். அவசரப்பட்டுப் பெயர்த்து, அந்த வேலையில் போர்டும் செயலியும் பாழானால், பின்னால் பின் எண்ணே கிடைத்தாலும் பயனில்லை. ஆகவே இன்றைய ஆய்வகத்தில் பாதை தலைகீழாகியிருக்கிறது. முன்பு நினைவகத்தை வெளியே எடுத்தார்கள். இப்போது அந்தப் போனின் சொந்தச் செயலியை ஒருமுறையாவது உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள்.

ஆன் ஆகாத போனுக்கு இன்னொரு பின்னடைவும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பற்றிய, ஒருமுறையேனும் பூட்டு திறந்த போனில் பெரும்பாலான சாவிகள் நினைவில் நிற்கும். ஆய்வுக் கருவிகளுக்கு அது சாதகம். அணைந்த போன் திரும்ப எழும்போது முதல் பூட்டைத் திறக்காத நிலையில்தான் எழும். அந்த நிலையில் அலாரம் போன்ற சில தகவல்கள் தவிர மற்றவை மூடியே இருக்கும். கைரேகையும் முகமும் அப்போது செல்லாது. எண்ணோ பேட்டர்னோதான் வேண்டும். இறந்தவரின் விரலை வைத்துத் திறக்கும் காட்சி சினிமாவில் பலிக்கலாம். அணைந்து எழுந்த போனில் உயிருள்ள விரலுக்கும் அது திறக்காது.

உயிர்ப்பிக்கும் வேலை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பென்சகோலா கடற்படைத் தளத்தில் 2019 டிசம்பர் 6 அன்று நடந்த துப்பாக்கிச் சூடு, இந்த வேலைக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு. கொலையாளி தன் ஐபோன்களில் ஒன்றைத் துப்பாக்கியால் சுட்டார், இன்னொன்றையும் சேதப்படுத்தினார். அவரும் அங்கேயே கொல்லப்பட்டார். எஃப்பிஐ ஆய்வகம் இரண்டு போன்களையும் பழுதுபார்த்து இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்ததை அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் 2020 ஜனவரியில் அறிவித்தார். அதற்குப் பிறகும் பின் எண் சுவர் நின்றது. உள்ளே இருந்ததைப் படித்துவிட்டதாக மே 18 அன்றுதான் அறிவிப்பு வந்தது. குண்டு பாய்ந்த போனைச் சரிசெய்ய ஒரு மாதம் போதுமாக இருந்தது; பூட்டுக்கு அதைவிடப் பல வாரங்கள் கூடுதலாகப் பிடித்தது.

சிறு கோளாறு என்றால் கெட்ட பவர் ஐசியை மாற்றுவது, அறுந்த தடத்துக்கு முடியளவு கம்பியால் பாலம் போடுவது, புதிய திரை மாட்டுவது ஆகியவற்றோடு முடிந்துவிடும். போர்டே ஒடிந்திருந்தால் அதே மாடலில் ஒரு நல்ல போன் வாங்கி, அதன் போர்டிலிருந்து செயலியையும் நினைவகத்தையும் அகற்றிவிட்டு, வழக்குப் போனின் செயலியையும் நினைவகத்தையும் அவற்றோடு பிணைந்த சில சிறு சிப்களையும் அங்கே குடியேற்றுவார்கள். ஒவ்வொரு சிப்பின் அடியிலும் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைத்துத்தான் பொருத்த வேண்டும். கைதவறினால் இன்னொரு வாய்ப்பு இல்லை. அனுபவசாலிகள் முதலில் சந்தையில் வாங்கிய பழைய போர்டுகளில் பழகிவிட்டுத்தான் வழக்குப் பொருளைத் தொடுகிறார்கள்.

வன்பொருள் சரியாக இருந்து மென்பொருள் மட்டும் கெட்டிருந்தால் வேறு வாசல் உண்டு. ஆண்ட்ராய்டு எழுவதற்கு முன் செயலிக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் விழிக்கிறது. குவால்காம் சிப்களில் அவசரப் பதிவிறக்க நிலை, மீடியாடெக் சிப்களில் அதன் துவக்க நிலை, ஐபோன்களில் டிஎஃப்யூ நிலை ஆகியவை அதன் வாசல்கள். திரை கறுத்திருந்தாலும் கணினியோடு யுஎஸ்பியில் இணைத்தால் போன் இங்கே பதில் சொல்லும். இந்த முதல் நிரலைத் தயாரித்த பிறகு மாற்ற முடியாது. அதில் ஓட்டை இருந்தால் அந்த மாடலின் ஆயுள் முழுக்க ஓட்டைதான். 2019 செப்டம்பரில் வெளியான செக்எம்8 என்ற ஓட்டை ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை பொருந்தியது. பல மீடியாடெக் சிப்களிலும் இத்தகைய ஓட்டைகள் வெளிவந்திருப்பதால், விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் ஆய்வாளருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. விலை உயர்ந்த புதுப் போனில் அந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கும். ஏழையின் போன் பேசிவிடுகிறது, பணக்காரரின் போன் வாய் திறப்பதில்லை என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் கசப்பான பக்கவிளைவு.

பெயர்த்த சிப்பும் உயிருள்ள செயலியும் சேர்ந்தால் என்ன முடியும் என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபொகடோவ் 2016இல் காட்டினார். சான் பெர்னார்டினோ தாக்குதல் வழக்கில் ஆப்பிளுக்கும் எஃப்பிஐக்கும் தகராறை மூட்டிய அதே ஐபோன் 5சி மாடலில், நினைவகச் சிப்பைக் கழற்றி நகலெடுத்தார். சில முறை பின் எண்ணைத் தவறாகப் போட்டதும் நகலிலிருந்து பழைய நிலையை மீட்டார். போனுக்குத் தவறான முயற்சிகளின் கணக்கே மறந்துபோனது. 4 இலக்க எண் எதுவானாலும் இரண்டு நாட்களுக்குள் கண்டுபிடிக்க அந்த வழி போதும். சந்தையில் கிடைக்கும் மலிவான பாகங்களே அவருக்குப் போதுமாக இருந்தன. அடுத்தடுத்த மாடல்களில் முயற்சிக் கணக்கு பாதுகாப்பான தனிச் சிப்புக்குள் போய்விட்டதால் அந்த வழியும் அடைபட்டது.

உயிர்பெறும் போனை வெளியுலகோடு பேசவிடக் கூடாது. அலை புகாத ஃபாரடே பெட்டிக்குள் வைத்து, சிம்மைக் கழற்றிவிட்டுத்தான் ஆன் செய்வார்கள். இல்லாவிட்டால் தொலைவிலிருந்து யாரோ அனுப்பிக் காத்திருக்கும் ‘அழித்துவிடு’ கட்டளை முதல் நொடியிலேயே வந்து சேரலாம். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடுவைத்த வாட்ஸ்அப் செய்திகளும் தேதி புதுப்பிக்கப்பட்டதும் மறையத் தொடங்கலாம். பயனாளர் முன்பே அழித்தவற்றில் உரையாடல் வரிகள் மீள வாய்ப்பு அதிகம். தரவுத்தளக் கோப்பின் காலிப் பக்கங்களில் அவை சில காலம் தங்கும். தனிக் கோப்பாக இருந்து அழிக்கப்பட்ட படமோ காணொளியோ புதிய போன்களில் மீள்வது அரிது. அந்தக் கோப்பின் சாவியும் அதோடு போய்விடுகிறது.

ஆய்வகத்துக்கு முன்னால்

இத்தனை நுட்பமும் பயன்படுமா என்பது போன் ஆய்வகத்துக்கு வருமுன் யார் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. இறந்தவரின் போன் ஆன் ஆகவில்லை என்று குடும்பத்தார் அதைக் கடைக்குக் கொண்டுபோவது இயல்பு. அங்கே ‘சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும்’ என்று ஃப்ளாஷ் அடித்தால் போன் பளிச்சென்று எழும். பழைய சாவிகள் அழிந்து, உள்ளே இருந்தது எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாததாகிவிடும். எரிந்த போனைவிட, குளத்தில் விழுந்த போனைவிட, ஃப்ளாஷ் அடித்த போன்தான் ஆய்வாளருக்கு உண்மையில் செத்த போன்.

ஏரிகள் மாவட்டம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரத்தில் நீர் அடுத்த சிக்கல். கிணற்றிலும் ஏரியிலும் வீசப்படும் போனுக்கு நீரால் வரும் கேட்டைவிட, நீரோடு மின்சாரம் சேர்வதால் வரும் கேடு பெரிது. பேட்டரி இணைந்திருக்கும் வரை, நனைந்த தடங்களுக்கு இடையே மின்னோட்டம் செப்பை அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே எடுத்ததும் சார்ஜில் போட்டுப் பார்ப்பது அதை விரைவுபடுத்தும். அரிசிக்குள் புதைப்பதும் உதவாது; உலோக மூடிகளுக்கு அடியில் தேங்கிய நீரை அரிசி இழுக்காது, அதன் தூள் உள்ளே புகும். ஆப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களை 2024இல் அரிசிக்கு எதிராக எச்சரித்தது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஆன் செய்யாமல், சார்ஜ் ஏற்றாமல், இயன்றவரை விரைவில் ஆய்வகத்துக்கு அனுப்புவது. அங்கே பேட்டரியைத் துண்டித்து, மூடிகளை அகற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் மீயொலித் தொட்டியிலும் போர்டைக் கழுவுவார்கள். நன்னீர் ஏரியில் சில நாள் கிடந்த போன் மீள்வது அபூர்வமல்ல. கடல்நீரில் கிடந்ததற்கு அந்த நம்பிக்கை குறைவு.

கைப்பற்றும் இடத்தில் காவலர் தேட வேண்டிய இன்னொரு பொருள் பின் எண். டைரியின் கடைசிப் பக்கம், அலமாரிக் கதவு, மனைவியின் நினைவு, பிள்ளையின் விரல் பழக்கம் என்று அது எங்கும் இருக்கலாம். தற்கொலை, சந்தேக மரணம், விபத்து வழக்குகளில் போன் இறந்தவருடையது. குடும்பத்துக்குப் பேட்டர்ன் தெரிந்திருந்தால், பழுதுபார்த்த மறுநாளே அனைத்தும் கிடைத்துவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் போன் என்றால் கேள்வி சட்டத்துக்குப் போகிறது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல குற்றஞ்சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. கடவுச்சொல் தருவது அப்படிப்பட்ட சாட்சியம் ஆகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. வழக்கு விசாரணை நடக்கும்போது அதை வற்புறுத்திப் பெற முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் கருதியது.

போன் எதற்கும் அசையாவிட்டாலும் செய்திக்கு இரண்டு முனைகள் உண்டு. எதிர்முனையில் இருப்பவரின் போனில் அதே உரையாடல் இருக்கும். கூகுள் டிரைவில் காப்புப் பிரதி இருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் காப்புப் பிரதிக்கும் முழுக் குறியாக்க வசதி 2021இல் வந்துவிட்டது. பயனாளர் சென்றுவந்த இடங்களின் பதிவைத் தன் சர்வரிலிருந்து அவரவர் போனுக்கே மாற்றப்போவதாக கூகுள் 2023 டிசம்பரில் அறிவித்தது. வெளியே இருந்த சாட்சியம் ஒவ்வொன்றாகப் போனுக்குள் குடிபோகிறது. ஆகவே செத்த போனை உயிர்ப்பிக்கும் தேவை குறையப்போவதில்லை.

நீதிமன்றத்தில்

மீட்ட தகவல் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு அந்தச் சான்றிதழை இரண்டு பகுதியாக்கியிருக்கிறது: ஒன்றில் ஆவணத்தைத் தருபவர் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதும் படிவத்திலேயே கேட்கப்படுகின்றன. அதே நாளில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது.

செத்த போனில் இந்தப் பதிவுக்குக் கூடுதல் எடை. மகஜரில் ‘அணைத்துவைக்கப்பட்ட செல்போன் ஒன்று’ என்று எழுதுவதற்கும், திரை உடைந்திருந்தது, பின்மூடி ஈரமாக இருந்தது, ஆன் செய்து பார்க்கவில்லை என்று எழுதுவதற்கும் குறுக்கு விசாரணையில் பெரிய வேறுபாடு வரும். போனை யார் கெடுத்தது என்ற கேள்வி எதிர்த்தரப்பிலிருந்து கட்டாயம் எழும். உயிர்ப்பித்த போன் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் உள்ளே ஏதாவது எழுதிக்கொள்வதால், இரண்டு முறை எடுத்த முழு நகல்களின் ஹாஷ் ஒத்துப்போகாது. ஆகவே முதல் நகலை எடுத்ததும் அந்தக் கோப்பின் ஹாஷைப் பதிந்து, அதன் பிறகான ஆய்வு முழுவதையும் அந்த நகலிலேயே நடத்துகிறார்கள்.

சிப் குடியேற்றமும் அரைத்தெடுப்பும் பொருளின் வடிவத்தையே மாற்றிவிடும். திரும்பச் செய்ய முடியாத சோதனை என்பதால், அதற்கு முன் விசாரணை அதிகாரி வழியாக நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. ஒவ்வொரு படியும் நுண்ணோக்கி வழியாகப் படமெடுக்கப்படும். வேலை முடிந்ததும் பழைய போர்டு, கழற்றிய பேட்டரி, உடைந்த திரை, மாற்றாக வாங்கிய போனின் மீதிப் பாகங்கள் எல்லாம் தனித்தனி உறைகளில் முத்திரையிடப்பட்டு, ஆய்வறிக்கையோடு நீதிமன்றத்துக்குத் திரும்புகின்றன.